லேசிக் பண்ண போறீங்களா? டெஸ்ட் நாள்லேர்ந்து மூணு மாசம் வரைக்கும் என்ன நடக்கும்னு தெரிஞ்சுக்கோங்க

சேலத்துலேர்ந்து ஏற்காடு போற ரோட்ல மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. மேல ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு பாக்குறேன், வீடு கீழ கன்னங்குறிச்சி பக்கம், வாரத்துல ஆறு நாள் பைக்ல ஏறி எறங்கணும். மழைக்காலத்துல பாதி மலைக்கு மேல போனா மேகம் ரோட்டு மேலயே உக்காந்துருக்கும், ஹெல்மெட் கண்ணாடி ஒரு பக்கம் ஆவி புடிக்கும், உள்ள மூக்கு கண்ணாடி இன்னொரு பக்கம் ஆவி புடிக்கும், வளைவுல வண்டிய ஓரங்கட்டி சட்டை நுனியால தொடச்சு மாட்டுனா அடுத்த வளைவுக்குள்ள மறுபடி அதே கதை. கழட்டிட்டும் ஓட்ட முடியாது, எனக்கு மைனஸ் 5, அதாவது மூஞ்சிலேர்ந்து 20 சென்டிமீட்டர் தாண்டுனா எல்லாமே மங்கல் தான். ஆறாவது படிக்கிறப்ப போட்ட கண்ணாடி, 29 வயசுல லேசிக் பண்ணி கழட்டுனேன், அதாவது கண்ணு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்க கருவிழிய லேசரால செதுக்கி பவர சரி பண்ற ஆபரேஷன்.

அதுலேர்ந்து தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி எவ்ளோ ஆச்சு, ரெண்டாவது கேள்வி வலிக்குமா. ரெண்டும் கேக்க வேண்டியது தான், ஆனா அதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, என் கண்ணுக்கு இது ஆகுமா ஆகாதான்னு. ஆபரேஷன் ரெண்டு கண்ணுக்கும் சேத்து கால் மணி நேரம் கூட ஆகல, டெஸ்ட்டுக்கு தான் அரை நாள் ஆச்சு. அந்த அரை நாள ஒழுங்கா பண்ற எடமா பாத்து போங்க, அத சொல்றதுக்கு தான் இவ்ளோ எழுதுறேன்.

நான் முதல்ல போன ஒரு எடத்துல என்ன ஆச்சுன்னா, ஒரு மெஷின்ல தாடைய வெக்க சொல்லி பவர் பாத்தாங்க, பத்து நிமிஷத்துல நீங்க ஃபிட்டுனு சொல்லிட்டு ஆஃபர் இன்னிக்கோட முடியுது அட்வான்ஸ் கட்டிட்டு போங்கன்னாங்க. அன்னிக்கு காலைல வரைக்கும் நான் கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தேன், அத அங்க ஒருத்தர் கூட கேக்கல. வீட்டுக்கு வந்து சித்தி பொண்ணுகிட்ட சொன்னேன், அது நர்ஸா இருக்கு. "அண்ணா, காலைல வரைக்கும் லென்ஸ் போட்டுட்டு போயி எடுத்த அளவு எப்டிண்ணா சரியா இருக்கும், பணம் எதும் கட்டிட்டியா?"ன்னு பதறி போயிருச்சு. அது கேட்டது தான் சரி. லென்ஸ் கருவிழி மேலயே உக்காந்து அதோட வடிவத்த லேசா அமுக்கி மாத்தி வெச்சிரும், கழட்டுன அப்பறம் பழைய வடிவத்துக்கு வர நாள் ஆகும். சாஃப்ட் லென்ஸ்னா ஒரு வாரம் ரெண்டு வாரம், கெட்டியான லென்ஸ்னா மூணு நாலு வாரம் போடாம இருந்துட்டு தான் டெஸ்ட்டுக்கே போகணும். அமுங்கி இருக்க கண்ண அளந்து அந்த அளவுக்கு லேசர் அடிச்சா அப்பறம் பவர் தப்பா தான நிக்கும்.

டெஸ்ட்ல என்னென்ன பாப்பாங்கன்னா, முதல்ல பவர். கடந்த ஒரு வருஷமா பவர் ஏறாம நிக்கணும், அதனால பழைய கண்ணாடி சீட்டு எல்லாத்தையும் எடுத்துட்டு போங்க. வயசு குறைஞ்சது 18, ஆனா 18 ஆயிருச்சுங்கறதுக்காக உடனே பண்ணிரக்கூடாது, காலேஜ் படிக்கிற பசங்களுக்கு 21, 22 வரைக்கும் கூட பவர் ஏறிகிட்டே இருக்கும். அப்பறம் கருவிழியோட மேடு பள்ளத்த கலர் கலரா மேப் மாதிரி எடுப்பாங்க, தடிமன் அளப்பாங்க, இருட்டுல கண்ணு பாப்பா (நடுவுல இருக்க கறுப்பு ஓட்டை) எவ்ளோ விரியுதுன்னு பாப்பாங்க, கீழ் இமைக்குள்ள சின்ன பேப்பர் துண்டு ஒண்ண சொருகி அஞ்சு நிமிஷம் உக்கார வெச்சு கண்ணீர் எவ்ளோ ஊறுதுன்னு பாப்பாங்க, கடைசியா சொட்டு ஊத்தி பாப்பாவ பெரிசாக்கி விழித்திரைல ஓட்டை கீட்டை இருக்கான்னு பாப்பாங்க. இந்த சொட்டு ஊத்துன அப்பறம் நாலஞ்சு மணி நேரம் கிட்ட இருக்கறது எதுவும் தெரியாது, வெயில் கண்ண குத்தும், அதனால பைக் எடுத்துட்டு போகாதீங்க. நான் அப்பாவ கூட்டிட்டு போனேன், அஞ்சு ரோட்டுக்கிட்ட பஸ் ஏறுறப்ப கூட அவர் கைய புடிச்சுகிட்டு தான் ஏறுனேன்.

தடிமன் கணக்கு மட்டும் கொஞ்சம் நிதானமா படிங்க, இது புரிஞ்சா டாக்டர் பேசறது பாதி புரிஞ்சிரும். நம்ம கருவிழி நடுவுல சராசரியா அரை மில்லிமீட்டர் தான் இருக்கும், மைக்ரான் கணக்குல 540 பக்கம். லேசிக்ல மேல ஒரு மெல்லிசான மூடி வெட்டி தொறப்பாங்க, அது ஒரு 110 மைக்ரான். அப்பறம் லேசர் ஒரு பவருக்கு சுமார் 12லேர்ந்து 15 மைக்ரான் செதுக்கும். எனக்கு தடிமன் 530, மூடிக்கு 110 போச்சு, மைனஸ் 5க்கு 75ன்னு வெச்சுக்கோங்க, மிச்சம் 345. அடில குறைஞ்சது 250 இருக்கணும்னு ஒரு கணக்கு, நெறைய டாக்டருங்க 300க்கு கீழ போறதே இல்ல. கம்மியா விட்டா கண்ணுக்குள்ள இருக்க அழுத்தம் தாங்காம கருவிழி நாளடைவுல முன்னாடி துருத்திகிட்டு வரும், அப்ப கண்ணாடி போட்டாலும் சரியா தெரியாது. ரொம்ப அபூர்வம் தான், ஆனா வந்துருச்சுன்னா பெரிய கஷ்டம், அதுக்கு தான் இவ்ளோ அளவு எடுக்கறாங்க.

என் தங்கச்சிக்கு மைனஸ் 7, தடிமன் 478. மேப்ல கீழ் பக்கம் ஒரு எடம் மட்டும் செவப்பா மேடு காட்டுச்சு. டாக்டர் மேடம் ஸ்கிரீன அவ பக்கம் திருப்பி வெச்சு "இங்க பாருமா, இந்த கண்ணுல நான் கை வெக்க மாட்டேன், வேற யாராவது பண்றேன்னு சொன்னாலும் பண்ணிக்காத"ன்னு சொன்னாங்க. வெளிய வந்து கார் ஸ்டாண்ட்ல நின்னு அழுதா. கல்யாணத்துக்கு முன்னாடி கண்ணாடிய கழட்டிரணும்னு ரெண்டு வருஷமா சீட்டு போட்டு பணம் சேத்து வெச்சிருந்தா, அழுகை வராம என்ன பண்ணும். ஆனா சேலத்துல நான் பாத்ததுலயே எனக்கு பெரிய மரியாதை வந்தது அந்த டாக்டர் மேல தான். வந்த பணத்த வேணாம்னு சொல்லிட்டு ஒரு கண்ண காப்பாத்தி அனுப்புனாங்க.

கருவிழி கூம்பு மாதிரி ஆகுற நோய் இருந்தாலோ வீட்ல யாருக்காவது இருந்தாலோ முதல்லயே சொல்லிருங்க. மாசமா இருக்கவங்க, பால் குடுக்குறவங்க தள்ளி போடணும், அந்த நேரத்துல பவரே ஏறி எறங்கும். சுகர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்க, முடக்கு வாதம் மாதிரி உடம்பே உடம்ப தாக்குற நோய் இருக்கவங்க, ஏற்கனவே கண்ணு வறண்டு இருக்கவங்க, பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்புடறவங்க, எல்லாரும் வாய தொறந்து சொல்லணும். மறைச்சா பாதிப்பு நமக்கு தான்.

பேர பாத்து குழம்பிராதீங்க. ஒரே பலகைல பத்து பேர் எழுதி வெச்சிருப்பாங்க, உள்ள போனா மூணு வழி தான். லேசிக்ல மூடிய தொறந்து கீழ செதுக்கி மூடிருவாங்க, மூடிய பிளேடால வெட்டுனா சாதா லேசிக், இன்னொரு லேசரால வெட்டுனா ஃபெம்டோ லேசிக், கான்டூராங்கறது அந்த மேப்ப வெச்சு செதுக்குற முறை. பிஆர்கேல மூடியே கெடையாது, மேல் தோல மட்டும் சுரண்டி எடுத்துட்டு நேரா மேல செதுக்குவாங்க, தோல் மறுபடி வளர்ற வரைக்கும் மூணு நாலு நாள் மேல ஒரு லென்ஸ் போட்டு வெப்பாங்க, அந்த நாள்ல நல்லாவே வலிக்கும், பார்வை தெளியவும் வாரக்கணக்குல ஆகும். ஆனா தடிமன் கொஞ்சம் கம்மியா இருக்கவங்களுக்கும், கபடி, பாக்ஸிங்னு மூஞ்சில அடி விழுற ஆளுங்களுக்கும் இது தான் நல்லதுன்னு சொல்வாங்க, ஏன்னா நகர்றதுக்கு மூடி இல்ல. ஸ்மைல்ங்கறதுல உள்ளுக்குள்ளயே ஒரு மெல்லிசான வில்லைய லேசரால வெட்டி, 2லேர்ந்து 4 மில்லிமீட்டர் ஓட்டை வழியா உருவி எடுத்துருவாங்க, கிட்டப்பார்வைக்கு தான் அதிகமா பண்றாங்க, விலை ஜாஸ்தி. இது எதுவுமே ஆகாதவங்களுக்கு கண்ணுக்குள்ள லென்ஸ் வெக்கிற ஐசிஎல் இருக்கு, என் தங்கச்சிக்கு ஆறு மாசம் கழிச்சு மறுபடி மேப் எடுத்து மேடு ஏறாம இருந்தா அத பத்தி பேசலாம்னு சொல்லிருக்காங்க.

பணம்னு பாத்தா முறைக்கு முறை, ஊருக்கு ஊரு மாறுது, அதனால நம்பர் சொல்லல. ஆனா சொல்ற ரேட் ஒரு கண்ணுக்கா ரெண்டு கண்ணுக்கா, டெஸ்ட்டு, சொட்டு மருந்து, ஒரு வருஷ செக்கப் சேந்ததா, பின்னாடி பவர் கொஞ்சம் திரும்புனா மறுபடி பண்றதுக்கு தனி காசா, இந்த நாலையும் பேப்பர்ல எழுதி வாங்கிக்கோங்க. இன்ஷூரன்ஸ்ல பவர் 7.5க்கு கம்மியா இருந்தா கெடைக்காதுன்னு பாலிசியிலயே போட்டிருக்கும், எனக்கு கெடைக்கல.

இன்னொண்ணு, வேலை. நம்ம ஜங்ஷன் பக்கம் நெறைய பசங்க ரயில்வே பரீட்சைக்கு படிக்கிறாங்க. அசிஸ்டென்ட் லோகோ பைலட் வேலைக்கு லேசிக் பண்ணவங்கள எடுக்க மாட்டாங்க, அறிவிப்புலயே போட்டிருக்கும். கண்ணாடிய கழட்டுனா வேலை கெடைக்கும்னு நம்பி பண்ணிட்டு அந்த வேலைய கோட்டை விட்டவங்க இருக்காங்க. ராணுவம், போலீஸ்ல ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் ஒரு விதி, அறிவிப்ப முழுசா படிச்சிட்டு அப்பறம் ஆஸ்பத்திரி பக்கம் போங்க.

நாள் குறிக்கிறதுலயும் யோசிக்கணும். ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரத்துல பண்ணிக்காதீங்க, மஞ்சத்தண்ணி, குங்குமம், கூட்டம், புகை, யாராவது ஆசையா நெத்தில திருநீறு வெச்சு விட்டாலே கண்ணுல கொட்டிரும். அம்மாபேட்டை பக்கம் தறி ஓட்டுறவங்க பஞ்சு தூசிலயும், செவ்வாய்ப்பேட்டைல கொலுசு பட்டறைல பத்த வெக்கிறவங்க புகைலயும் தான் நாள் பூரா நிக்கிறீங்க, நீங்க ரெண்டு வாரமாவது லீவ் சொல்லி வெச்சிட்டு பண்ணுங்க. கம்ப்யூட்டர் வேலைன்னா மூணு நாலு நாள் போதும், பிஆர்கேன்னா பத்து நாள் கேளுங்க. பொம்பளைங்க முன்னாடி நாளே கண்மை, பவுடர் எல்லாத்தையும் நிறுத்திரணும், அன்னிக்கு சென்ட் அடிச்சுட்டு போகக்கூடாது, அதோட ஆவி லேசருக்கு ஆகாது. காலைல தலைக்கு ஊத்திட்டு போங்க, அப்பறம் ஒரு வாரம் ஊத்த முடியாது.

இப்ப ஆபரேஷன். மயக்க ஊசி இல்ல, சொட்டு தான். கண்ணு மரத்துரும், ஆனா தொடறது தெரியும், வெளிச்சம் தெரியும், முழிச்சுகிட்டே தான் இருப்பீங்க. இமைய ஒரு கம்பி கிளிப் போட்டு விரிச்சு வெச்சிருவாங்க, அதனால நடுவுல இமைச்சிருவோமோன்னு பயப்பட வேணாம், இமைக்கவே முடியாது. அப்பறம் வட்டமா ஒண்ண கண்ணு மேல வெச்சு உறிஞ்சி புடிப்பாங்க, அது தான் எனக்கு கஷ்டமா இருந்த எடம். கட்டை விரலால யாரோ கண்ண உள்ள அமுக்குற மாதிரி இருக்கும், கொஞ்ச நேரம் பார்வையே மங்கி இருட்டிரும், மனசுக்குள்ள எண்ணிகிட்டு இருந்தேன், இருபத்தி ரெண்டு எண்றதுக்குள்ள விட்டுட்டாங்க. அந்த இருட்டு வரும்னு முன்னாடியே யாராவது சொல்லிருந்தா அவ்ளோ பயந்திருக்க மாட்டேன், அதான் உங்ககிட்ட சொல்றேன்.

மூடிய தூக்குனதும் எதிர்ல இருக்க பச்சை லைட் தண்ணிக்குள்ள விழுந்த மாதிரி கலங்கிரும். அதையே பாத்துகிட்டு இருங்கன்னு சொல்வாங்க. டப டபன்னு ஒரு சத்தம், அதோட முடி கருகுற வாசனை. அந்த வாசனை வந்ததும் கண்ணு எரியுதோன்னு மனசு அடிச்சுக்கும், ஆனா அங்க எதுவும் எரியல. அந்த லேசர் 193 நானோமீட்டர் புற ஊதா கதிர், சூடே பரவாம திசுவோட பிணைப்புகள மட்டும் உடைச்சு ஆவியாக்கிரும், அது தான் மூக்குக்கு வருது. உயிருள்ள திசுவ இப்படி சுடாம செதுக்கலாம்னு 1981ல ஐபிஎம் ஆராய்ச்சி கூடத்துல கண்டுபிடிச்ச மூணு பேர்ல ஒருத்தர் ரங்கசாமி சீனிவாசன், சென்னை பல்கலைக்கழகத்துல படிச்சவர், பண்டிகைக்கு சமைச்சு மிச்சமான வான்கோழி கறிய கொண்டு போயி அதுல அடிச்சு பாத்தாங்களாம். எனக்கு இது ஆபரேஷன் முடிஞ்சு தான் தெரியும். கண்ணு லேசா அசைஞ்சா மெஷினும் கூடவே அசையும், ரொம்ப நகந்தா தானா நின்னுரும், அதனால தும்மல் வந்துருமோன்னு கவலை வேணாம். ஒரு கண்ணுக்கு லேசர் அடிச்சது முப்பது செகண்ட் கூட இருக்காது.

எந்திரிச்சு உக்காந்ததும் சுவர் கடிகாரம் தெரிஞ்சது. பனிக்குள்ள தெரியற மாதிரி தான், ஆனா முள்ளு எங்க நிக்குதுன்னு தெரிஞ்சது.

மரப்பு போன அப்பறம் அடுத்த அஞ்சாறு மணி நேரம் தான் மோசம், வெங்காயம் நறுக்குன கையால கண்ண தேச்ச மாதிரி எரியும், தண்ணி ஊத்தும், மணல் விழுந்த மாதிரி உறுத்தும். வீட்டுக்கு போனதும் சாப்ட்டுட்டு குடுத்த மாத்திரைய போட்டு தூங்கிருங்க, மொபைல தொடாதீங்க. தூங்குறப்ப கண்ணுக்கு மேல பிளாஸ்டிக் மூடி ஒட்டிக்கணும், ஒரு வாரத்துக்கு ராத்திரி ராத்திரி ஒட்டணும், தூக்கத்துல கை போயி தேச்சிட்டா வெட்டுன மூடி நகந்துரும். மறுநாள் செக்கப்ப விட்டுராதீங்க, நல்லா தான தெரியுதுன்னு போகாம இருக்காதீங்க, மூடில சுருக்கம் விழுந்திருந்தா முதல் நாள்லயே பாத்தா ஈஸியா சரி பண்ணிருவாங்க.

சொட்டு மருந்துக்கு ஒரு அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ்ல ஒட்டுங்க. கிருமிக்கு ஒண்ணு, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஒண்ணு, ஈரத்துக்கு ஒண்ணு, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் அஞ்சு நிமிஷம் இடைவெளி. ஸ்டீராய்டு சொட்ட அவங்க சொன்ன மாதிரி கொறைச்சுகிட்டே வந்து நிறுத்தணும், கண்ணு செவந்துருக்குன்னு மூணு மாசம் கழிச்சு மெடிக்கல்ல நீங்களா அதே சொட்ட வாங்கி ஊத்தாதீங்க, கண்ணு அழுத்தம் ஏறிரும், ஏறுனது வெளிய தெரியவும் தெரியாது. ஒரு வாரம் கண்ணுல தண்ணி படக்கூடாது, மூஞ்சிய ஈரத்துணியால தொடச்சுக்கலாம். எண்ணெய் குளியல், கிணத்துல நீச்சல் எல்லாம் ஒரு மாசம் போகட்டும். வெளிய போனா கூலிங் கிளாஸ் கண்டிப்பா போடணும்.

வறட்சி வரும். மூடி வெட்டுறப்ப கருவிழில இருக்க நரம்பும் வெட்டுப்படுது, கண்ணு காஞ்சிருச்சுன்னு மூளைக்கு சொல்ல ஆள் இல்ல, அதனால கண்ணீர் கம்மியா ஊறும், நரம்பு திரும்ப வளர மூணு மாசம், சிலருக்கு ஆறு மாசம். பைக்ல மலை எறங்குறப்ப காத்து அடிச்சு எனக்கு கண்ணு கண்ணாடித்தாள் மாதிரி ஒட்டிக்கும், சட்டை பாக்கெட்லயே ஈரச்சொட்டு இருக்கும், பிரிசர்வேட்டிவ் இல்லாததா கேட்டு வாங்குங்க.

ராத்திரி ஒளிவட்டமும் அப்படி தான். ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது வாரம், சாயங்காலம் ஏற்காட்ல லேடீஸ் சீட்டுங்கற வியூ பாயின்ட்ல நின்னு கீழ சேலத்த பாத்தேன், எப்பவும் கண்ணாடிக்குள்ள புள்ளி புள்ளியா தெரியற ஊரு, அன்னிக்கு ஒவ்வொரு லைட்டுக்கும் ஒரு சின்ன பஞ்சு உருண்டை ஒட்டுன மாதிரி இருந்தது. பயந்துட்டேன். எதிர்ல வர்ற லாரி ஹெட்லைட் நட்சத்திரம் மாதிரி சிதறும். ரெண்டு மாசத்துல நெறைய கொறஞ்சுச்சு, மூணு மாசத்துல தேடி பாத்தா தான் தெரியும்னு ஆயிருச்சு. ஆனா அது வரைக்கும் ராத்திரி மலைல வண்டி எடுக்கவே இல்ல, அஞ்சு மணி பஸ்ஸ புடிச்சு எறங்கிருவேன். சிலருக்கு இது முழுசா போறதே இல்ல, அத தெரிஞ்சுகிட்டு தான் கையெழுத்து போடணும். ராத்திரி லாரி, பஸ் ஓட்டுறவங்க டாக்டர்கிட்ட இத தனியா கேளுங்க.

எரிச்சல் நாளுக்கு நாள் கொறையணும். கூடுனா, வலி ஏறுனா, சீழ் மாதிரி வந்தா, முந்தாநாள் தெரிஞ்சது இன்னிக்கு தெரியலன்னா, கண்ணுல கொழந்தை கை பட்டா கூட, ஞாயித்துக்கிழமைன்னு பாக்காம உடனே போங்க.

40 தாண்டுனவங்களுக்கு ஒரு வார்த்தை, தூரத்து பவர தான் இது எடுக்கும், வெள்ளெழுத்து வர்றத தடுக்காது. பேப்பர் படிக்க கண்ணாடி வேணும்னு அப்பறம் வருத்தப்படாதீங்க. ஒரு கண்ண தூரத்துக்கும் ஒரு கண்ண கிட்டத்துக்கும் வெச்சு பண்றதும் உண்டு, அது எல்லாருக்கும் பழகாது, முதல்ல கான்டாக்ட் லென்ஸ் போட்டு அதே மாதிரி ஒரு வாரம் இருந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கண்ணாடி போச்சே ஒழிய, கண்ணு இன்னமும் கிட்டப்பார்வை கண்ணு தான். கண்ணு உள்ள நீளமா இருக்கறதால தான் அந்த பவரே வந்தது, லேசர் முன்னாடி கருவிழிய தான் மாத்துது, பின்னாடி இழுபட்டு மெலிஞ்ச விழித்திரை அப்படியே தான் இருக்கு. அதனால வருஷத்துக்கு ஒரு தடவ சொட்டு ஊத்தி விழித்திரைய பாக்கணும், திடீர்னு கறுப்பு புள்ளி நெறைய பறந்தா, மின்னல் வெட்டுற மாதிரி தெரிஞ்சா, ஓரத்துல திரை விழுந்த மாதிரி இருந்தா அன்னிக்கே போகணும்.

கடைசியா அந்த ஃபைல். டெஸ்ட்ல எடுத்த மேப்பு, தடிமன், பழைய பவர், கருவிழியோட வளைவு அளவு எல்லாத்தையும் ஆஸ்பத்திரில கேட்டு வாங்கிருங்க. வயசான காலத்துல கண்புரை ஆபரேஷன் பண்றப்ப உள்ள வெக்கிற லென்ஸோட பவர கணக்கு போட லேசருக்கு முந்துன அளவு உதவும், அது இல்லன்னா அந்த கணக்கு தப்ப வாய்ப்பு ஜாஸ்தி. கண்ணு அழுத்தம் பாக்குறப்பவும் லேசர் பண்ணிருக்குன்னு சொல்லிருங்க, கருவிழி மெலிஞ்சிருக்கறதால மெஷின் கம்மியா காட்டும். எங்க வீட்ல அந்த ஃபைல் பீரோல வீட்டு பத்திரத்தோட தான் இருக்கு, பொண்டாட்டிகிட்டயும் காட்டி வெச்சிருக்கேன், தங்கச்சியோட மேப்பும் அதே கவர்ல தான் இருக்கு.